அடுப்பு எரிந்த வீடு

அண்டா போன்ற பெரிய வார்ப்பின் மூடியைத் திறந்ததும் ஆவி கிளம்பி என் கண்ணாடியை மூடிக்கொண்டது. வேட்டி நுனியால் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தேன். எதிரே வந்த பெண்கள் பாதி வழியில் நின்றுவிட்டிருந்தார்கள். ஒருத்தி கையிலும் தட்டு இல்லை.

கடற்கரையில் சிலுவை நட்ட குருசடிக்கு முன்னால் நீலத் தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருந்தது. அதன் கீழே மணலில் இருந்தவர்கள்தான் என் டெம்போ சத்தம் கேட்டு எழுந்து வந்தார்கள். வந்தவர்கள், வார்ப்புக்குள் என்ன இருக்கிறது என்று கண்டதும் அப்படியே நின்றார்கள்.

உள்ளே சம்பா அரிசிக் கஞ்சி. பக்கத்துப் பாத்திரத்தில் தேங்காய் துருவிப் போட்ட சிறுபயறு. காந்தாரி மிளகாய் வாசனை எனக்கே பசியைக் கிளப்பியது. விடியற்காலையிலிருந்து எங்கள் ஊர் சர்ச் முற்றத்தில் நின்று காய்ச்சியது.

"பிடியுங்கம்மா. ஆறிப்போனா கொள்ளாது" என்றார் பொன்னையன் மாமா. ஆண்டுக்கு ஒருமுறை சபையார் எல்லோரும் சேர்ந்து சமைத்துச் சாப்பிடும் அசனத்துக்கு எங்கள் ஊரில் அவர்தான் சமையல் தலைவர். கரண்டி கையில் வந்துவிட்டால் போதகரையே அதட்டுவார்.

முன்னால் நின்ற நடுவயதுப் பெண் ஒருத்தி வார்ப்பை எட்டிப் பார்த்தாள். பிறகு மாமாவைப் பார்த்தாள்.

"கஞ்சியும் பயறும் கொண்டு வந்தாச்சு. குழி எங்க வெட்டியிருக்கியன்னும் சொல்லிட்டுப் போங்க."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சந்தையில் விலை கேட்கிற குரலில்தான் சொன்னாள். மாமாவின் கையிலிருந்த கரண்டி அந்தரத்தில் நின்றது.

கஞ்சி வருகிற வீடு

மக்கா, நீங்கள் இரண்டு பேரும் படிப்பு, வேலை என்று பெரிய பட்டணங்களுக்குப் போய்விட்டீர்கள். அங்கே பக்கத்து வீட்டில் யார் செத்தார்கள் என்று தெரிவதற்குள் அடக்கமே முடிந்துவிடும் என்று மூத்தவள் போனில் சொன்னாள். அதனால் இதை விளக்கித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நம் பக்கத்தில் சாவு நடந்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். அடக்கம் முடிந்து திரும்பியதும் அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து கஞ்சியும் பயறும் வரும்.

உங்கள் தாத்தா இறந்தபோது எனக்கு மீசை அரும்பாத வயது. அன்றைக்குக் காலையிலிருந்து எனக்கு அழுகையே வரவில்லை. பெட்டியை இறக்கினார்கள், ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள், அப்போதும் வரவில்லை. அப்பா எங்கோ மரத்தடி அறுக்கப் போயிருக்கிறார், பொழுது சாய்ந்தால் வந்துவிடுவார் என்பதுபோலத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்தோம். எதிர்வீட்டு அத்தை ஒரு பலா இலையைக் கரண்டிபோலக் கோட்டி என் கையில் தந்து, கஞ்சிக் கிண்ணத்தை முன்னால் வைத்தாள். முதல் வாய் உள்ளே இறங்கியதும்தான் எனக்குள் என்னமோ உடைந்தது. கஞ்சி மூக்கில் ஏறி இருமி இருமி அழுதேன்.

மற்ற நாட்களில் அது வெறும் சாப்பாடு. நம் வீட்டில் வாரத்தில் பாதி நாள் இரவில் அதுதான். ஆனால் அடுப்பு எரியாத வீட்டுக்கு வெளியிலிருந்து வருகிற கஞ்சி வேறு. அதைக் குடித்தால் ஆள் போய்விட்டான் என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

கடற்கரையிலும் இதே வழக்கம்தான். அவர்கள் கத்தோலிக்கர்கள், நாம் மிஷன் காலத்துச் சபை. பாட்டு வேறு, ஜெபம் வேறு. கஞ்சி மட்டும் இரண்டு பக்கமும் ஒன்று.

அந்தத் தார்ப்பாயின் கீழே இருந்த பெண்களின் ஆண்கள் செத்திருக்கவில்லை. கடலுக்குப் போயிருந்தார்கள். புயலுக்குப் பிறகு தகவல் இல்லை, அவ்வளவுதான். அவர்கள் முன்னால் நாங்கள் சாவு வீட்டுத் துட்டிக் கஞ்சியைச் சுடச்சுடக் கொண்டு போய் இறக்கியிருந்தோம்.

சருவம் சுமந்து வந்தவள்

அந்த ஊருக்கு நாங்கள் போனதற்குக் காரணம் ஷைலா.

உங்களுக்கு அவளை நினைவிருக்கும். முதல் பஸ்ஸில் அலுமினியச் சருவத்தில் மீனோடு வந்து இறங்கி, திற்பரப்பு ரோட்டிலிருந்து நம் வீடுவரை கூவிக்கொண்டே நடந்து வருவாள். உங்கள் அம்மாவுக்கும் அவளுக்கும் தினமும் சண்டை. அந்தச் சண்டை இல்லாத நாளில் இரண்டு பேருக்கும் சாப்பாடு இறங்காது.

"அக்கா, இன்னைக்கு அயில. கண்ணப் பாருங்க, உங்கள விட நல்லா முழிக்குது."

"நேத்தும் இதத்தான் பறஞ்ச. சட்டியில போட்டா ஒக்க ஐஸ் மணம்."

"ஐசு உங்க மனசுல இருக்கு அக்கா. மீன்ல இல்ல."

அவள் புருஷன் கிளீட்டஸ் தங்குகடலுக்குப் போகிறவன். போனால் வாரக்கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிப்பார்கள். ஒரு கிறிஸ்துமஸுக்கு அவனும் நம் வீட்டுக்கு வந்தான். ஒரு முழு நெய்மீனை வாழையிலையில் சுற்றிக் கொண்டுவந்து, வாசலிலேயே கூச்சத்தோடு நின்றான். ரப்பர்த் தோட்டத்தைப் பார்த்து, "காத்தடிக்கும்போ இதுவும் கடல் மாதிரித்தான் சத்தம் போடுது அண்ணா" என்றான். அவன் பேசியதில் எனக்கு நினைவிருப்பது அது ஒன்றுதான்.

அவர்கள் மகள் ஜெனிஷா. பள்ளி விடுமுறையில் தாயின் பின்னால் ஒட்டிக்கொண்டு வருவாள். வந்ததும் நேராக அடுக்களைக்குள் போவாள். நம் வீட்டு மரச்சீனிக் கிழங்கு என்றால் அவளுக்கு அப்படி ஒரு பிரியம். உங்கள் அம்மா அவளுக்கென்றே ஒரு துண்டு தனியாக மாற்றி வைப்பாள்.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் அடித்த அந்தப் புயலைப் பற்றிப் போன வாரக் கடிதத்திலேயே எழுதிவிட்டேன். ரப்பர் மரங்கள் வரிசையாக ஒடிந்ததும், குலை தள்ளிய வாழைகள் ஒரே பக்கமாகப் படுத்ததும், மின்கம்பங்கள் ரோட்டின் குறுக்கே கிடந்ததும் நமக்கு நடந்த கதை. உலகத்திலேயே பெரிய நாசம் நமக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். கரண்ட் இல்லை, போன் இல்லை, வெளியில் என்ன நடந்தது என்று ஒன்றும் தெரியவில்லை.

ஷைலா வரவில்லை. ரோடு அடைபட்டிருக்கிறது, எப்படி வருவாள் என்று இருந்தோம். ரோட்டை வெட்டித் திறந்தார்கள், பஸ் ஓடத் தொடங்கியது. அப்போதும் வரவில்லை.

"மீன் ஆருக்கு வேணும்? ஆளு உண்டா இல்லியான்னு அறியாண்டாமா?" என்று உங்கள் அம்மா என்னைப் பிடித்துத் தள்ளினாள்.

பஸ் கண்டக்டர்தான் சொன்னார். அவள் ஊரிலிருந்து தங்குகடலுக்குப் போன படகுகள் திரும்பவில்லை. கிளீட்டஸ் போன படகும் அதில் ஒன்று. ஊரே கடற்கரையில் இருக்கிறது, யாரும் சமைப்பதில்லை.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சர்ச் முற்றத்தில் பேச்சு அதுவாகவே இருந்தது. ஒருவர் ரொட்டி வாங்கிப் போகலாம் என்றார்.

"ரொட்டிக்கு எங்க போவ? கடை ஒக்க அடச்சுக் கெடக்கு" என்றார் பொன்னையன் மாமா. "வீட்டுல உள்ளதக் கொண்டு வாருங்கலே. நான் காய்ச்சித் தாறேன்."

அரிசி வந்தது. பயறு வந்தது. தேங்காய்க்குப் பஞ்சமே இல்லை, மரத்தோடு சேர்ந்து தரையில் கிடந்தது. என்ன காய்ச்சலாம் என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை. துக்கமான காரியம் என்றால் எங்கள் கை தானாகக் கஞ்சிக்குத்தான் போகும். இவ்வளவு பேர் சுற்றி நின்று விறகு தள்ளினோமே, ஒருவருக்காவது தோன்றியிருக்க வேண்டாமா.

"ஆருக்கு இது?"

அந்த நடுவயதுப் பெண்ணின் பின்னாலிருந்து ஷைலா வந்தாள். நைட்டிக்கு மேல் ஒரு துவர்த்துத் துண்டு போட்டிருந்தாள். தலையில் மணல். எனக்கு அவளை அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் ஆனது. தலையில் சருவம் இல்லாமல் நான் அவளைப் பார்த்ததே இல்லை.

"அக்கா சுகமா அண்ணா?" என்று முதலில் கேட்டாள். பிறகு வார்ப்பைப் பார்த்தாள். "ஆருக்கு இது?"

நான் வார்ப்பின் மூடியைக் கையில் எடுத்தேன்.

"அவிய வருவாவ அண்ணா. படகுல அரிசி உண்டு, டீசல் உண்டு. காத்து தள்ளி எங்கயாவது கொண்டு போயிருக்கும். தீவுப் பக்கம் கொஞ்சம் படகு ஏறியிருக்குன்னு சொல்லுதாவ." மூச்சு விடாமல் சொன்னாள். அதை அவள் எத்தனையோ பேரிடம் சொல்லியிருப்பாள் என்று தெரிந்தது. "நீங்க இதக் கொண்டு போயிருங்க."

"பிள்ள என்ன தின்னுது?" என்று கேட்டேன்.

"பிஸ்கட்."

"வேற என்ன வேணும்னு சொல்லு பிள்ளே. நாங்க கொண்டு வாறோம்."

அவள் ஊர்ப்பக்கம் திரும்பிக் கையைக் காட்டினாள்.

"வெறகு வேணும். கேஸ் தீந்தாச்சு, லாரி வரல்ல. இருந்த வெறகு ஒக்க நனஞ்சு போச்சு. பாருங்க, ஒரு வீட்டுலயாவது புகை தெரியுதா? இந்தத் தெருவே துட்டி வீடு மாதிரிக் கெடக்கு அண்ணா. எங்களுக்கு அடுப்பு எரியணும்."

பார்த்தேன். வீடுகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு வரிசையாக நின்றன. ஒரு கூரைக்கு மேலும் புகை இல்லை.

வார்ப்பை மூடித் திருப்பி ஏற்றினோம். வரும் வழியில் வெளி மாவட்டத்திலிருந்து கம்பம் நட வந்திருந்த மின்வாரியத் தொழிலாளிகள் ரோட்டோரம் பசியோடு இருந்தார்கள். மாமா டெம்போவை நிறுத்தச் சொன்னார். அவர்கள் கேட்டுக் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். "நல்லாருக்குங்க, துவையல் இருந்தா இன்னும் நல்லாருக்கும்" என்றான் ஒருவன். அவர்களுக்கு அது வெறும் கஞ்சி.

ஊர் வந்து சேர்ந்ததும் பொன்னையன் மாமா வார்ப்பைத் தானே உரசிக் கழுவிக் கவிழ்த்தார். அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

புகைப்புரை

எங்கள் ஊரில் விறகுக்கு என்ன குறை? எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒடிந்த ரப்பர் மரம். ஆனால் பச்சை ரப்பர் விறகு அடுப்புக்கு ஆகாது. வெட்டின இடத்தில் பால் கசிந்து, புளித்த நாற்றம் அடிக்கும். தீ பிடிக்காது.

காய்ந்த விறகு ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. புகைப்புரையில். ரப்பர் சீட்டைப் புகை போட்டு உலர்த்துகிற சின்னக் கட்டடம் அது. கொஞ்சம் மரம் வைத்திருக்கிறவனும் அந்தப் புரைக்கென்று விறகு கீறி அடுக்கி வைத்திருப்பான். அது சீட் உலர்த்தத்தான், வீட்டு அடுப்புக்குக்கூட எடுக்க விடமாட்டோம்.

மறுநாள் காலையில் பொன்னையன் மாமா முதல் ஆளாகத் தன் புரையைத் திறந்தார்.

"மரம் போச்சு, பாலும் போச்சு. இனி எவன் சீட்டு ஒணத்தப் போறான்? எடுங்கலே."

அதன்பிறகு நாங்கள் கஞ்சி காய்ச்சவில்லை. விறகு ஏற்றினோம். அதன்மேல் அரிசி மூட்டை, பிடுங்கின மரச்சீனிக் கிழங்கு, தேங்காய். சமைக்காத பொருள் மட்டும்.

முதல் லோடு போய் இறங்கிய அன்று, குழி எங்கே என்று கேட்ட அந்தப் பெண்ணே முன்னால் வந்து ஒரு கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். அவள் பெயர் லூர்தம்மா. புருஷனும் மூத்த மகனும் ஒரே படகில் போயிருந்தார்கள்.

"இது கொள்ளாம்" என்றாள்.

டெம்போவைத் திருப்பும்போது பார்த்தேன். தெருவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புகை எழும்பியது. ரப்பர் விறகின் புகை. உப்புக்காற்றில் அது எங்கள் தோட்டத்து வாசனையாக வந்தது. மாமா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அதை இழுத்து மோந்தார். அந்த நாட்களில் மனதுக்கு நிறைவாக இருந்தது என்று சொன்னால் அந்தச் சாயங்காலம் ஒன்றுதான்.

ஷைலா தினமும் சமைத்தாள். கிளீட்டஸுக்கு ஒரு தட்டில் எடுத்து, இன்னொரு தட்டால் மூடி அடுப்புத் திட்டில் வைப்பாள். கோயிலில் சாயங்கால மணி அடித்த பிறகு அதை அவளே எடுத்துச் சாப்பிடுவாள். மறுநாள் மறுபடியும் மூடி வைப்பாள். அதுவரை அந்தத் தட்டை யாரும் தொடக்கூடாது.

ஒன்றொன்றாக

படகுகள் வரத் தொடங்கின. சில தீவிலிருந்து வந்தன. சில வடக்கே எங்கெங்கோ கரையேறி அங்கிருந்து ஆட்கள் மட்டும் பஸ்ஸில் வந்தார்கள். ஊரின் மற்றப் படகுகள் சொந்த டீசல் போட்டுத் தேடப் போயின. அவை சிலரைக் கொண்டுவந்தன, உயிரில்லாமல். பலரை எந்தப் படகும் கொண்டுவரவில்லை.

எந்த வீட்டுக்கு என்ன வந்தது என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ரோட்டு வளைவில் டெம்போவை மெதுவாக்கினால் போதும். நேற்றுப் புகைந்த ஒரு கூரையில் இன்று புகை இருக்காது. அந்த வீட்டுக்கு மட்டும் நாங்கள் மறுநாள் கஞ்சி கொண்டு போவோம். இப்போது அதைத் தடுப்பவர் யாருமில்லை.

லூர்தம்மா வீட்டுக்குத் தூக்குச்சட்டியில் நான்தான் கொண்டு போனேன். அவள் ஏதாவது சொல்வாள், திட்டுவாள் என்று பயந்துகொண்டே போனேன். ஒன்றும் சொல்லாமல் கிண்ணத்தை நீட்டினாள். அன்றைக்கு அவள் வாய்விட்டுத் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

பெரிய லாரிகளில் பெரிய உதவிகளும் வந்தன. பேனர் கட்டினார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. போகாமல் எவ்வளவு நாள்தான் இருப்பார்கள்? எங்கள் ஊரிலும் கை தளர்ந்துவிட்டது. ஒடிந்த மரத்தை விற்க வேண்டும், புதுக் கன்று வைக்க வேண்டும். அவரவர் பாடு அவரவருக்கு. கடைசியில் நான் மட்டும், வேறு ஓட்டம் போகிற வழியில், நாலைந்து கட்டு விறகை ஒரே ஒரு வீட்டுக்குக் கொண்டு போட்டுக்கொண்டிருந்தேன்.

"லே, கேஸ் லாரி வந்து எத்தற நாளாச்சு. இன்னும் அவளுக்கு வெறகு எதுக்கு?" என்று மாமா கேட்டார்.

அதை ஷைலாவிடம் கேட்டேன்.

"கேஸ்ல புகை வருமா அண்ணா?" என்றாள்.

கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுவான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கிறிஸ்துமஸ் வந்தது. அந்த ஊரில் நட்சத்திரம் கட்டவில்லை. காணாமற்போனவர்களுக்காகக் கோயிலில் ஒரு பூசை வைத்தார்கள். வீட்டுக்கு ஒரு படம் கேட்டு, வரிசையாக வைத்து மாலை போட்டார்கள். ஷைலா படம் கொடுக்கவில்லை. சொந்தக்காரர்கள் சண்டை போட்டார்கள். அவள் அன்றைக்கும் அடுப்பு மூட்டி, தட்டை மூடி வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டாள்.

வாங்காத மீன்

பண்டிகை கழிந்து ஒருநாள் காலையில் அவள் குரல் நம் ரோட்டில் கேட்டது. உங்கள் அம்மா கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினாள்.

எங்கள் பக்கத்தில் அப்போது யாரும் மீன் வாங்குவதில்லை. ஏன் என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். கடலில் அத்தனை பேர் கிடக்கிறார்கள், மீன் என்னத்தைத் தின்றிருக்கும் என்ற பேச்சு வீட்டுக்கு வீடு பரவியிருந்தது. ஷைலா கூவிக்கொண்டே வந்தாள். வழியில் ஒரு கதவும் திறக்கவில்லை. சருவத்தை நம் வாசலில் இறக்கினாள். சாளை.

"அக்கா, வேணுமா?"

கண்ணைப் பாருங்கள் என்று சொல்லவில்லை. உங்கள் அம்மாவும் ஐஸ் என்று சொல்லவில்லை. இரண்டு பேரும் சருவத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குந்தியிருந்தார்கள்.

"நீ தின்னியா ஷைலா?" என்று கேட்டாள் அம்மா, மெதுவாக.

"இல்லக்கா. வாயில வெக்கல்ல." மீனை ஒரு விரலால் திருப்பிப் போட்டாள். "ஆனா விக்கணுமே. வேற என்ன தொழில் அறியும் எனக்கு?"

அம்மா அவ்வளவையும் வாங்கினாள். ஷைலா காலிச் சருவத்தோடு ரோட்டில் மறைந்த பிறகு, நான் தென்னை மூட்டில் குழி தோண்டினேன். மீன் முழுவதையும் அதில் போட்டு மூடினோம். நாங்கள் சாப்பிடவில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரியும் என்று எங்களுக்கும் தெரியும். அதற்குப் பிறகு அவள் எங்கள் ரோட்டுக்கு மீன் கொண்டுவரவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தையில் இருக்கத் தொடங்கினாள்.

தட்டு

ஈஸ்டருக்குக் கொஞ்சம் முன்னால் என்று நினைக்கிறேன். நல்ல வெயில். விறகு கொண்டு போகும்போது உங்கள் அம்மாவும் கூட வந்தாள், கிழங்கு அவித்து எடுத்துக்கொண்டு.

ஜெனிஷா வாசற்படியில் இருந்தாள். எங்களைக் கண்டும் ஓடி வரவில்லை. ஒரு கன்னம் சிவந்து விரல்கள் பதிந்திருந்தன. உள்ளே ஷைலா அடுப்பு முன்னால் சுவரில் சாய்ந்து கிடந்தாள். பக்கத்தில் ஒரு காலித் தட்டு.

"அடிச்சிட்டேன் அக்கா" என்றாள். "சோறு தின்னதுக்குப் பிள்ளைய அடிச்சிட்டேன்."

அன்றைக்குப் பள்ளிக்கூடம் பாதி நாள். பிள்ளை பசியோடு வந்திருக்கிறாள். தாய் சந்தையிலிருந்து வரவில்லை. காலையில் ஆக்கியதில் மீதி இருந்தது அடுப்புத் திட்டில் மூடி வைத்திருந்த அந்தத் தட்டுதான். எடுத்துச் சாப்பிட்டுவிட்டாள். ஷைலா வந்து தட்டைப் பார்த்தாள். கை ஓங்கியதே தெரியவில்லையாம்.

"அப்பாக்கு வெச்சத நீ எதுக்கு எடுத்தன்னு கேட்டேன் அக்கா. அவ என்ன சொன்னா தெரியுமா?"

உங்கள் அம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"'அப்பா தின்னல்லியே அம்மா, ஒருநாளும் தின்னல்லியே'ன்னு சொன்னா."

வெளியே பிள்ளை படியைக் கால் விரலால் சுரண்டிக்கொண்டிருந்தது. உங்கள் அம்மா எழுந்து போய்க் கிழங்கை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். அவள் அதைத் தின்னாமல் உள்ளே தாயைப் பார்த்தாள். எவ்வளவு பிரியப்பட்டுத் தின்கிற பிள்ளை. இப்போது கிழங்குக்கும் அனுமதி வேண்டியிருந்தது.

ஷைலா அதைப் பார்த்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்குக் கொஞ்சம் கஞ்சி காய்ச்சிக் கொண்டு வாருங்க அக்கா" என்றாள். "பயறும்."

வேண்டாம் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார் என்று சொல்ல நினைத்தேன். உங்கள் அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

கட்டு

இந்தத் தடவை வார்ப்பு வேண்டியிருக்கவில்லை. உங்கள் அம்மா நம் வீட்டு அடுப்பில், சின்னப் பானையில் காய்ச்சினாள். தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு டெம்போவில் ஏறினாள். திருப்பங்களில் கஞ்சி தளும்பாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

ஷைலா குளித்து, தலை வாரியிருந்தாள். அடுப்பில் சாம்பலை ஒட்ட வாரி எடுத்து, தண்ணீர் தெளித்திருந்தாள். கிளீட்டஸின் படம் ஒரு நாற்காலியில் இருந்தது. கல்யாணத்தன்று எடுத்ததில் அவனை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள். அப்போதும் கூச்சமாகத்தான் நின்றான்.

உங்கள் அம்மா முதலில் ஜெனிஷாவுக்கு ஊற்றினாள். பிள்ளை கிண்ணத்தைத் தொடவில்லை.

"இது ஆருக்கு உள்ளது?" என்று கேட்டாள்.

"உனக்கு உள்ளது. குடி மக்கா" என்றாள் ஷைலா.

பிள்ளை ஒரே மூச்சில் குடித்தது. ஷைலா முதல் வாயை விழுங்கக் கொஞ்ச நேரம் ஆனது. எங்கள் அப்பா செத்தபோது எனக்கு வந்ததுபோல அவளுக்கும் அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கிண்ணத்தைக் காலி செய்து, கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

நாங்கள் கிளம்பும்போது வாசலில் ஒரு விறகுக் கட்டு இருந்தது. நான் முந்தின நாள் போட்டதும் அதற்கு முன்பு மிஞ்சியதும். ஒரே கட்டாக, இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"இதக் கொண்டு போங்க அண்ணா. உங்க புகைப்புரைக்கு ஆவும்."

"இருக்கட்டும் பிள்ளே. மழைக்காலத்துக்கு..."

"கேஸ் உண்டு."

தூக்கி ஏற்றினேன். ரோட்டு வளைவில் பழக்கத்தில் டெம்போவை மெதுவாக்கினேன். தெருவில் ஒரு புகையும் இல்லை. எல்லா வீட்டிலும் கேஸ் எரிந்துகொண்டிருந்திருக்கும். இருந்தாலும் பார்ப்பதற்கு அந்த முதல் நாள் மாதிரியே இருந்தது.

புயலுக்குப் பிறகு வைத்த ரப்பர்க் கன்றுகளில் இப்போது பால் வெட்டத் தொடங்கியாயிற்று. சீட் உலர்த்த விறகு வெளியே வாங்குகிறேன். புரையின் மூலையில் ஒரு கட்டு விறகு கரையான் ஏறாமல் கிடக்கிறதே, அதை ஏன் எடுக்கவில்லை என்று போன லீவில் இளையவன் கேட்டான். நான் ஏதோ சொல்லி மழுப்பினேன்.

அது கிளீட்டஸின் வலைக்கயிற்றால் கட்டியது. கடற்காரர்கள் போடுகிற முடிச்சு. எனக்கு அதை அவிழ்க்கத் தெரியாது. கயிற்றை வெட்டுவதற்கு உங்கள் அம்மா விடவில்லை.